சேனை வைக்காத தாய்மாமன்

முதலில் வந்தது வலி இல்லை, ஒரு குறுகுறுப்பு. கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அன்று காலை ஷிப்டில் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தபோது கீழுதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. தட்டிவிட்டேன். எறும்பு இல்லை. மத்தியானம் ரசம் பட்டதும் சுரீர் என்றது. கை கழுவும் இடத்தில் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். கடுகை ஒட்டிவைத்த மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

வேறு சமயமாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் உடம்புக்கு எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: சூடு. கட்டி வந்தால் சூடு, கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் எல்லாம் இறங்கிவிடும் என்பது அம்மாவின் மருத்துவம். நானும் அப்படியே வளர்ந்தவன்தான். ஆனால் அந்த வாரம் எனக்குச் சூட்டைத் தவிர வேறொன்றையும் நினைக்க வேண்டியிருந்தது.

நான் பழகும் பெண் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அங்கேயே ஒரு மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள். கணவனைக் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்து வந்தவள். கிறிஸ்தவப் பெண். நாங்கள் பழக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. என் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவள் வீட்டிலும் தெரியாது. கல்யாணப் பேச்சை யார் முதலில் எடுப்பது என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பிய பிறகு, அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் ஒன்றும் அறியாத பிள்ளைகள் இல்லை. ஆணுறை வாங்கி வைத்திருந்தோம். ஆனால் அன்று வாயோடு நின்றுகொண்டோம், அந்த வாயும் என்னுடையது. வாய்க்கு எவன் உறை போடுவான்? பிள்ளை தங்கிவிடுமோ என்ற பயம் இல்லாததால் வேறு பயம் எதுவும் இருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

இப்போது கம்பெனிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஹெர்பிஸ் என்ற ஒரு வார்த்தை வந்தது, அதோடு படங்களும் வந்தன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி என் உதட்டோடு ஒப்பிட்டேன். தீராது, திரும்பத் திரும்ப வரும், கொப்புளம் தெரியாதபோதும் ஒட்டும் என்று எழுதியிருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டி, "அண்ணே, உள்ளயே குடியிருக்கீகளா?" என்று கேட்டான்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். அவளுடைய பழைய கணவனை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவனுக்கு நானே ஒரு முகம் வைத்தேன், ஒரு மீசை வைத்தேன், ஊர் ஊராக அனுப்பினேன். அவனிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து எனக்கு என்று கணக்கு முடித்துவிட்டேன். அன்று அவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுநாளும் செய்தாள். 'ஷிப்ட் மாத்திட்டாங்க, அப்புறம் பேசுறேன்' என்று ஒரு செய்தி அனுப்பினேன். எனக்கு அவள்மேல் கோபம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வந்த கோபம் அது.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. ஊரில் ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால், "எவன்டா இதுக்குச் சேனை வச்சது?" என்றுதான் முதல் கேள்வி வரும். குடிக்காதவன், சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பவன், தாய்மாமன் என்று மூன்று தகுதிகள் எனக்கு இருந்ததால், தங்கச்சி கர்ப்பமாக இருக்கும்போதே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் வண்டியூரில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் கமுக்கமாக முடிவு செய்திருந்தார்கள்.

நான் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். பச்சைக் குழந்தைக்கு இந்தக் கொப்புளம் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்று போனில் படித்திருந்தேன். மற்றதெல்லாம் என்னோடு போகட்டும். பிறந்து கண் திறக்காத ஒரு பிள்ளையின் வாயில் இந்த விரலை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

பிள்ளை வீட்டுக்கு வரும் அன்று காலையில் லீவு போட்டுவிட்டு ஒரு தோல் டாக்டரிடம் போனேன். எங்கள் ஏரியாவிலிருந்து தள்ளி, தெரிந்தவர்கள் வராத இடமாகப் பார்த்துப் போனேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் என் உதட்டையே பார்ப்பதாகப் பட்டது. உண்மையில் அவரவர் கவலை அவரவர்க்கு.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எங்கே, எப்படி, யாரோடு என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பவர் மாதிரி கேட்டார். அதனாலேயே என்னால் சொல்ல முடிந்தது.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"இல்ல மேடம். பரீட்சை சமயத்துல, காய்ச்சல் அடிச்சா சூட்டுக் கொப்புளம் வரும். அது வேற."

"எங்க வரும்?"

"இதே இடத்துலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது வேற இல்ல. அதுதான் இது. நெறைய பேருக்குச் சின்னப் பிள்ளைலயே வீட்டுல உள்ளவங்க முத்தம் கொடுக்கிறதுல வந்திரும். நரம்புல போய்த் தங்கிக்கிட்டு அப்பப்ப வெளிய வரும். போன வாரம் வந்த புதுசு மாதிரி எனக்குத் தெரியல. வேணும்னா டெஸ்ட் எடுப்போம்."

பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். காயம் உலர்ந்து உதிரும்வரை பிள்ளையைத் தூக்கவே வேண்டாம், முத்தம் கூடவே கூடாது, சேனையெல்லாம் யாருமே வைக்கக் கூடாது என்றார். கடைசியாக, உங்கள் தோழிக்கு ஏதாவது தொந்தரவு இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். தலையாட்டினேன். என் காதில் அது ஏறவில்லை. அவளிடமிருந்து வரவில்லை என்ற சந்தோஷத்தில் நான் பாதி வாசல் தாண்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் மடியில் துணிச் சுருளுக்குள் என் மருமகள் சிவப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு சங்கில் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"வாண்ணே, கையக் கழுவிட்டு வா" என்றாள் தங்கச்சி.

"நான் வைக்கல. டாக்டர் வேணாங்கிறாக. வாயில புண்ணு இருக்கு."

"புண்ணு வாயிலதான இருக்கு, வெரல்லயா இருக்கு?" என்றார் அம்மா.

"யாருமே வைக்க வேணாம்மா. நர்ஸு சொன்னாங்கள்ல."

"நாங்கள்லாம் சேனை வச்சு வளந்தவகதான். அம்புட்டுப் பேரும் செத்தா போயிட்டோம்?"

தங்கச்சியின் முகம் சுருங்கியது. தாய்மாமன் முதல் நாளே மாட்டேன் என்று சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. "பொட்டப்புள்ளன்னு பாக்குறியாண்ணே?" என்று கேட்டாள். அது என்னைக் குத்தியது. நான் பதில் சொல்வதற்குள் அம்மா சங்கை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

"அவன் கெடக்கான். தாய்மாமன் இல்லாட்டி என்ன, அம்மாச்சி நான் வைக்கிறேன்" என்று குனிந்து, முதலில் பிள்ளையின் வாயில் முத்தம் வைக்கப் போனார். ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. மேலுதட்டின் ஓரத்தில் வெண்ணெய் தடவியிருந்தது. வெண்ணெய்க்கு அடியில் அதே கொப்புளங்கள். பிரசவத்துக்காக நாள் கணக்கில் தூங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவுக்கும் வந்திருந்தது.

நான் கத்திவிட்டேன். அம்மாவை என் வாழ்நாளில் அப்படி அதட்டியதில்லை. சங்கு சாய்ந்து சர்க்கரைத் தண்ணீர் கட்டிலில் கொட்டியது. பிள்ளை வீறிட்டது.

"ஒங்க ஒதட்டுல இருக்கிறதும் அதுதாம்மா. சூடு இல்ல. ஒட்டுற நோய். பிள்ளைக்குப் பட்டா பொழைக்காது."

தங்கச்சி பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன நோயி?"

சொன்னேன். பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்தேன். தங்கச்சிக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஒங்க அப்பன் போயி எம்புட்டு வருசமாச்சு" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. "என்னயப் பாத்து இப்படிச் சொல்ற."

ஐயோ என்றிருந்தது எனக்கு. ஒரு வாரமாக நான் எந்த அசிங்கத்துக்குப் பயந்து ஒளிந்தேனோ அதை எடுத்து அம்மாவின் தலையில் போட்டுவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அசிங்கம் ஒண்ணும் இல்லம்மா. ஊருல பாதிப் பேருக்கு இருக்குமாம். சின்னப்புள்ளைல யாரோ முத்தம் கொடுத்திருப்பாக. அதுல வர்றது. காஞ்சு போச்சுன்னா நீங்களே தூக்கலாம்" என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் கை கொஞ்சம் இறங்கியது.

"அப்ப ஒனக்கு நாந்தான் குடுத்தனா?"

"இருக்கலாம்மா. தெரியாது."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "ஏண்டா, சூட்டுக் கொப்புளம் ஒனக்குப் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்துலருந்து வருது. ஒருநாளும் டாக்டர்ட்ட போனதில்ல. இந்தத் தடவ எதுக்குப் போன?"

பிள்ளைக்காகப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அம்மா அப்படிக் கேட்டபோது வாய் பொத்தியிருந்த முந்தானையைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"ஒரு பொண்ணோட பழகுறேம்மா. அவகிட்டருந்து வந்திருச்சோன்னு பயந்துட்டுப் போனேன்."

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வையவில்லை. யார், என்ன ஆளுக என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நனைந்த விரிப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒட்டும்ங்கிற. ஒனக்கு முன்னாலயே இருக்குங்கிற. அப்ப அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

எந்த வாய், எங்கே பட்டது என்று எனக்குத்தானே தெரியும். டாக்டர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பேச நேரம் கெடச்சிருச்சா?" குரல் சோர்ந்திருந்தது.

"ஒனக்கு ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"காய்ச்சல். ஒண்ணுக்குப் போனா உயிர் போகுது. கீழ எல்லாம் புண்ணா இருக்கு, ஒக்கார முடியல. யூரின் இன்பெக்‌ஷன்னு கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டிருக்கேன், கேக்கல. யார்ட்ட போய்க் காட்டுறதுன்னு தெரியாமத்தான் ஒனக்குப் போன் பண்ணுனேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அது கொதித்தது. என்னிடமிருந்துதான் வந்திருக்கும் என்று சொன்னேன். சின்ன வயதிலிருந்து எனக்கு வருகிற கொப்புளம் என்றும், அது என்னவென்று இன்று காலையில்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

"அப்ப நீ ஏன் போனை எடுக்கல?" என்றாள். பிறகு அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். "நான் குடுத்தேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"வாரேன், டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"டாக்டர் எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லு" என்றாள். "நான் போய்க்கிருவேன்."