சேறு பிடித்த குடை

மீன் வாங்கப் போன போர்ட் வெல்ட் சேற்றுக் கரையில்தான் அவரைச் சந்தித்தேன். கடலுக்குள் நிற்கப்போகும் விளக்குக் கம்பத்துக்கு அடித்தூண் வரைபடம் போடுகிற யாழ்ப்பாணத்துக்காரர். மழை தூறியும் குடையை விரிக்கவில்லை. அதன் முனையைச் சேற்றில் ஆழமாக அழுத்திவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேத்துல அடிச்சா தூணு உள்ள போயிக்கிட்டே இருக்காதாண்ணே?” என்றேன்.

“அடிக்கேக்க வழி விடும். அடிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சேறு இறுக்கிப் பிடிக்கும். எங்கட வெள்ளைக்காரத் துரைதான் நம்பிறார் இல்லை. நாளைக்கு வேலையை நிப்பாட்டப் போறாராம்.”

ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவருடைய படகு வந்தது. அவர் குடையை இழுத்தார், அது அசையவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். கைப்பிடி மட்டும் கழன்று வந்தது.

“இதைத் துரைக்குக் காட்டோணும்!” என்று அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் சிரித்தபடியே படகேறினார்.

குடையைப் பறிகொடுத்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பிறகு பார்த்ததே இல்லை.