ஏறாத பெட்ரோல்

கோம்பாக் மலையடிவாரம் தாண்டி லோரி இருமி நிற்கிறது. டிரைவர் மாரிமுத்து அண்ணே ஆசனத்தைத் தூக்கிப் பெட்ரோல் தொட்டிக்குள் மூங்கில் குச்சியை விடுகிறார். நுனிகூட நனையவில்லை. நாலு மணிக்கு அவர் செந்தூலில் பெண் பார்க்கப் போகவேண்டும். சட்டை புதுசு.

பெந்தோங்கிலிருந்து என்னைச் சும்மா ஏற்றி வந்தவர். மலை இறக்கத்தில், பெட்ரோல் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். வளைவுக்கு வளைவு எனக்கு உயிர் போய் வந்தது. பயத்தில், ஊரிலிருந்து வந்த கப்பலில் ஒரு டிராம்காரன் சொன்னதை எடுத்துவிட்டேன். மின்சார டிராம் இறக்கத்தில் வரும்போது மோட்டாரே சக்கரத்தைப் பிடிக்குமாம். அதில் உண்டாகும் மின்சாரம் மேலே கம்பிக்குத் திரும்பிப்போய், மேடேறும் இன்னொரு டிராமுக்கு உதவுமாம்.

அண்ணே உடனே முதல் கியரைப் போட்டார். இஞ்சின் ஊளையிட்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. அதேபோல் தொட்டியில் பெட்ரோல் ஏறிவிடும் என்று நம்பி, வழியிலிருந்த பெட்ரோல் கடையையும் தாண்டி வந்துவிட்டார்.

"ஏறலையே, தம்பி."

"டிராம் மோட்டாரைச் சக்கரம் சுத்தினா மின்சாரம் வரும்ண்ணே. இஞ்சினைச் சுத்தினா சூடும் சத்தமும்தான்."

"இதை மலையிலேயே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா கியர் போட்டிருப்பீங்களா?"

"போட்டிருக்க மாட்டேன். இந்நேரம் பொண்ணு வீட்டுல இருப்பேன்."

"ஆஸ்பத்திரியில இருப்பீங்க."

அண்ணே காலிப் பெட்ரோல் தகரத்தை என் கையில் திணிக்கிறார். கடை ஒன்றரை மைல் பின்னால். நான் வெறுங்காலோடு ஓடுகிறேன். திரும்பிப் பார்த்தால், அண்ணே லோரிக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருக்கிறார்.