யாரும் பார்க்காத அறை

கொரெட்டியின் வீட்டில் மழை வருமா என்று தெரிந்துகொள்ள யாரும் வானொலி கேட்பதில்லை. பிள்ளைகள் மாடிப்படியின் அடியில் நின்று, "கோல்மன், மழை வருமா?" என்று கத்துவார்கள். மேலே பின்பக்க அறையில் தடியால் தரையைத் தட்டும் சத்தம் கேட்கும். ஒரு தட்டு என்றால் மழை. இரண்டு தட்டு என்றால் தோட்டத்துக்கு ஓடலாம். அந்த அறையின் ஜன்னல் மேற்கே சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் சின்ன ஊரான எடன்டெரிக்கு வருகிற மழையெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். கோல்மன் சொல்லித் தப்பியதே இல்லை. என் மகன் அவர் முகத்தை நாலைந்து முறைதான் பார்த்திருப்பான். ஆனாலும் கடவுளுக்கு அடுத்தபடி கோல்மன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

கொரெட்டி எங்கள் தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்கிறவள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் வரை அவள் பாடு. என் அக்காவின் பிள்ளைகள் அவளிடம்தான் வளர்ந்தார்கள், பிறகு என் பிள்ளைகளும். குள்ளமான உருவம், தோசைக்கல் அகலத்துக்கு உள்ளங்கை, தெருக்கோடி வரை கேட்கிற குரல். "ஓடாதடா தடிப்பயலே, விழுந்து வெச்சா உங்கம்மா என்னை உப்புப் போடாமலே தின்னுடுவா" என்று கத்துவாள். கத்திக்கொண்டே அவன் கைக்கு வெண்ணெய் தடவிய சூடான சோடா ரொட்டியைக் கொடுப்பாள். கணவன் நெட் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பெற்ற பிள்ளை கிடையாது. இந்தப் பிள்ளைகளையும் மேலே இருந்த அண்ணனையும் விட்டால் அவளுக்கு வேறு உலகம் இல்லை.

அண்ணன் கோல்மன் இங்கிலாந்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு, உடம்பு தளர்ந்தபின் ஒரே பெட்டியோடு வந்தவர். வந்த அன்றே பின்பக்க அறைக்குள் போய், கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் அடித்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வைக்கப்படும்; காலியாகி வெளியே வரும். உள்ளே பழைய செய்தித்தாள்கள் சுவர் உயரத்துக்கு. இரவில் வெளியே வரப் பிடிக்காததால் ஒரு வாளி. கொரெட்டி அதைக் காலையில் முகம் சுளிக்காமல் கழுவி வைப்பாள். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மனிதர். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்கள் எல்லோரும் இனிப் பதிவு செய்ய வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைப் பார்ப்பார். பதிவு இல்லையென்றால் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருக்கிற பெரியவர்களைப் பற்றிப் போலீஸில் விசாரிப்பார்கள் என்றார்கள். கோல்மன் அதற்கான தாளில் கதவிடுக்கு வழியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதில் ஒரு குறையும் வரவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஜாசின்டா விடவில்லை.

ஜாசின்டா ஊரின் மறுகோடியில் பிள்ளை பார்க்கிறவள். நடந்ததைவிட நடக்காததை விலாவாரியாகச் சொல்லக்கூடியவள். பள்ளிக்கூட வாசலில் என் கண் முன்னால்தான் கொரெட்டியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு ரூம் விட மாட்டாளுங்களாம் கொரெட்டி. அலமாரியெல்லாம் திறப்பாளுங்க. மெத்தையக்கூடத் தூக்கிப் பாப்பாளுங்களாம்."

"மெத்தையையா?"

"மெத்தையத்தான். உன் வீட்ல உனக்குன்னு ஒரு மூலை மிச்சம் வெக்க மாட்டாளுங்க."

கொரெட்டியின் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மறுநாள் தன் சமையலறையில் தேநீரை ஊற்றிவிட்டு அவளே சொன்னாள்.

அந்தக் காலத்தில், பிள்ளைகளைச் சரியாக வளர்க்கிறார்களா என்று பார்க்க ஏழை வீடுகளுக்கு ஒரு அதிகாரி வருவார். ஊரில் அவருக்குப் பெயரே ‘கொடுமைக்காரர்’. கொரெட்டி தொட்டிலில் கிடந்த வருடம் அவர் இந்த வீட்டுக்கு வந்தார். இதே வீடு, இதே மாடிப்படி. அப்பா பிழைப்புக்கு இங்கிலாந்து போயிருந்தார். யாரோ அக்கம்பக்கத்தார் மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். வந்தவர் ரொட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மாடிக்குப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். ஏழு வயதுக் கோல்மன் படுக்கையை நனைத்திருந்தான். "ரெண்டு வாரம்தான், பையன் தேறினதும் வந்துடுவான்" என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப் போனார்கள். துறவிகள் நடத்திய விடுதி அது. கோல்மன் வெளியே வந்தபோது மீசை முளைத்திருந்தது. அங்கே பையன்கள் படுக்கிற கூடத்தில் கதவு கிடையாதாம்.

"ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். எந்தெந்த ரூமைப் பாப்பீங்கன்னு கேக்கறதுல என்ன இருக்கு?" என்றேன்.

"கேட்டா, இவ என்னத்தையோ ஒளிக்கிறான்னு நெனைப்பாங்கடீ. ஆபீஸ்காரங்ககிட்ட வாயைத் திறந்தவங்க வீட்டுக்குத்தான் அவங்க முதல்ல வருவாங்க."

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். அதிகாரியைப் பற்றி அண்டை வீட்டில் ஆயிரம் பேசுவோம். அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போன் போட்டிருப்பேன். "என் வீட்டு விஷயத்துல தலையிட்டே, அப்புறம் உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் கோல்மன் இரண்டு வாரம் தங்க ஒரு கட்டில் கேட்டு, ஊர் நர்ஸ் மூலம் வாங்கினாள். அதைக் கோல்மனிடம் சொன்னபோது நான் மகனைக் கூட்டிப் போக வந்திருந்தேன். கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். பிறகு தாழ்ப்பாள் விலகிற்று. உயரமான மனிதர், ஆனால் வாசற்படியில் கூனிக்கொண்டு நின்றார்.

"எப்ப வர்றாங்க?"

"வியாழக்கிழமை."

"மெத்தையத் தூக்குவாங்களா?"

"தூக்குவாங்களாம் கோல்மன். இந்த ரூமை இப்படிப் பாத்தா ஒரு பிள்ளையக்கூட என்கிட்ட விட மாட்டாங்க. ரெண்டே வாரம். நான் ஒழிச்சு, பெயின்ட் அடிச்சு வெக்கறேன். அப்புறம் நீ பாட்டுக்கு வந்து இருந்துக்கோ."

"ரெண்டு வாரம்" என்றார் அவர். தன் மெத்தையைத் தானே உருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே வெயிலில் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். கொரெட்டி அவருடைய மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஏழு வயதில் அவரை அனுப்பிய அன்று அவர்கள் அம்மாவும் இந்த இடத்தில் நின்றுதான் போட்டுவிட்டிருப்பாள். அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கடைசிப் பொத்தானைப் போட்ட பிறகும் அவள் கோட்டை விடவில்லை.

பிறகு தெருவே வந்து வேலை செய்தது. வீட்டில் பூசை வைக்கப் பாதிரியார் வருகிறார் என்றால் எப்படி வெள்ளையடிப்போமோ அப்படி. செய்தித்தாள்கள் வண்டி வண்டியாகப் போயின. வாளி போயிற்று. வெயிலில் காய்ந்த மெத்தை கட்டிலுக்குத் திரும்பிற்று. என் கணவர் தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணி ஓட்டைகளை அடைத்து மேலே பெயின்ட் பூசினார். எதுவும் இருந்த அடையாளமே தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் ஓர்லா என்ற சின்னப் பெண். சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து தூறல் ஆரம்பித்திருந்தது. கேட்காமலே வாசலில் ஷூவைக் கழற்றினாள். கைக்குழந்தையை வைத்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தாள் கொரெட்டி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண் சமையலறையைப் பார்த்தாள், முன் அறையைப் பார்த்தாள், தோட்டம், கழிப்பறை, புகை அலாரம், மாடிப்படியின் கேட். ரொட்டி நன்றாக இருக்கிறதென்று இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பேனாவை மூடினாள்.

"அவ்ளோதான் கொரெட்டி. எல்லாம் அருமையா இருக்கு."

"மேல பாக்கலையே?"

"பிள்ளைங்க மேல போறாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்குப் போகணும்?"

கொரெட்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப் போனாள். குழந்தையோடு நானும் பின்னால் ஓடினேன். பின்பக்க அறைக் கதவைத் திறந்துவிட்டு, "பாருங்க. மெத்தையத் தூக்கிப் பாருங்க" என்றாள்.

ஓர்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே தலையை நீட்டக்கூட இல்லை. "அது உங்க வீட்டு ரூம்ங்க. பிள்ளைங்க புழங்காத ரூமை நான் பாக்கக் கூடாது. எனக்கு அந்த உரிமையே கிடையாது. நீங்க பூட்டி வெச்சிருந்தாலும் திறங்கன்னு சொல்ல முடியாது." பிறகு, பாவம், ஏதோ ஆறுதலாகச் சொல்ல நினைத்து, "ஆபீசுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்போமே" என்றாள்.

நான் கொரெட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலமே என் காரில் முதியோர் இல்லத்துக்குப் போனோம். ஆறு கட்டில் போட்ட நீளக் கூடம். நடுவில் திரைச்சீலைகள், கதவு இல்லை. கோல்மன் கட்டில் விளிம்பில் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில், திறக்காமல். வந்த நாளிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார், தூங்கும்போதும் கோட்டைக் கழற்றுவதில்லை என்றாள் அங்கிருந்த பெண்.

"கிளம்பு, வீட்டுக்குப் போலாம்" என்றாள் கொரெட்டி.

"பாத்துட்டாங்களா?"

"பாக்கல கோல்மன். அந்த ரூமைப் பாக்கவே கூடாதாம். அது நம்மளோடதாம்."

அவர் அதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப என்னை எதுக்கு அனுப்பின?"

அவர் எழுந்து நின்றார். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, கோட்டைச் சுவராணியில் மாட்டினார். கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கொரெட்டி தரையில் மண்டியிட்டுக் கெஞ்சினாள், அழுதாள், என்ன சொன்னாலும் முதுகு அசையவில்லை. இரண்டு வாரம் முடிந்தது. கட்டில் அவருக்கே நிரந்தரமாயிற்று. என் கணவர் தாழ்ப்பாளைத் திரும்ப அடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை.

பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள், ரொட்டி வேகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொரெட்டியை நான்தான் இல்லத்துக்குக் கூட்டிப் போகிறேன். அவர் பேசுவதில்லை. அவளும் இப்போதெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவதில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் நான் உள்ளே நுழைகிறபோது என் மகன் மாடிப்படியின் அடியில் நின்று, "கோல்மன், மழை வருமா?" என்று கத்திவிட்டான். பழக்க தோஷம். மற்ற பிள்ளைகளும் ஓடிவந்து, மேலே பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மழைதான்" என்றாள் கொரெட்டி அடுப்பிலிருந்து திரும்பாமலே. "யாரும் வெளிய போக வேணாம்."

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.