நான் கை தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

என் வலது கைக்கு ஒரு காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் தெருவளவில், நல்ல பெயர் இருந்தது. கைராசிக்காரி என்பார்கள். எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள் லாட்டரிச் சீட்டு வாங்கும்போது பக்கத்தில் நின்ற என்னை ஒன்று உருவச் சொன்னார். அதற்கு நூறு ரூபாய் விழுந்தது. அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பிறகு என்னை வைத்து அவர் உருவிய முப்பது நாற்பது சீட்டுக்கு நயா பைசா விழவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. முருங்கைக் கொம்பு நட என்னைக் கூப்பிட்டார்கள். புது அடுப்பில் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். முக்குக் கடைக்காரர் காலையில் கடை திறந்ததும், "ஏத்தா, வந்து போணி பண்ணிட்டுப் போ" என்று குரல் கொடுப்பார். நான் நீட்டும் பத்துக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இது போதாதா? தலைக்கனம் ஏறிப்போய்த் திரிந்தேன்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே இரைக்க ஆரம்பித்ததும், மில்லில் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் வந்த பணத்தை அந்த ஊரிலேயே ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். பேங்கை விட வட்டி கூடுதல். நடத்தியவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். கும்பாபிஷேகமானாலும் சர்ச் அசன விருந்தானாலும் முதல் நன்கொடை அவர்களுடையதுதான். பணம் கட்டப் போன அன்று அப்பா என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். நோட்டுக் கட்டை என் கையில் கொடுத்துக் கம்பிக்குள் நீட்டச் சொன்னார். உள்ளே இருந்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே வாங்கினார்.

மாதாமாதம் வட்டி வந்தது. அதில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கினோம். அம்மா தீப்பெட்டி ஒட்டிய கூலியில் அரிசி பருப்பு. முதலை யாரும் தொடக்கூடாது, அது அக்காவின் படிப்புக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். அக்காவும் சும்மா இல்லை. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். சேருவதற்கு முன்பே வெள்ளை ஷூ ஒன்று வாங்கி, அட்டைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தாள். தினமும் எடுத்துத் துடைப்பாள். நான் தொட்டால், "ஏட்டி, கையக் கழுவிட்டுத் தொடு" என்பாள். ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கையை இவள் கழுவச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஃபீஸ் கட்ட ஒரு மாதம் இருக்கும்போது அப்பா பணம் எடுக்கப் போனார். வெறுங்கையோடு வந்தார். நிதியில் ஏதோ சிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பணம் போட்டவர்கள் கூட்டமாம், அதுவரைக்கும் யாருக்கும் காசு கிடையாதாம். அம்மா ஒட்டிய தீப்பெட்டிகளை மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். அக்காவை அல்ல, அம்மாவை அல்ல, என்னை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின முகூர்த்தத்தின் காகிதப் பூக்கள் மேடையில் அப்படியே தொங்கின. ஆளுக்கொரு காராச்சேவுப் பொட்டலம் கொடுத்தார்கள். விசேஷ வீட்டுக்கு வந்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். வெள்ளை வேட்டி, வழுக்கைத் தலை, இனிமையான குரல். பெரிய கடன்கள் சில திரும்பவில்லை, நிதி தள்ளாடுகிறது என்றார். அதைக் காப்பாற்ற ஒரு மீட்புத் திட்டம் வைத்திருந்தார். போட்ட பணத்தில் ரூபாய்க்கு முப்பது காசு பிடித்துக்கொள்வார்கள். மீதி எழுபது காசு மூன்று வருஷம் கழித்துக் கிடைக்கும். வைத்தியம், படிப்பு, கல்யாணம் என்று அவசரமிருந்தால் மனுக் கொடுக்கலாம், ஒரு மாதத்துக்குள் பாதி தருவோம். திட்டம் வேண்டாமென்றால் நாளைக்கே பூட்டவேண்டியதுதான், யாருக்கும் ஒன்றும் தேறாது.

வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தார். மாந்தோப்பை விற்றுக் கொண்டுவந்து போட்டவராம். "கடன் வாங்கித் தின்னவன்கிட்ட கேக்க வக்கில்ல, நம்பிப் போட்ட எங்ககிட்டப் பிடிக்கிறீகளா? இது எந்த ஊரு நாயம்?" என்று கத்தினார். கூட்டம் சலசலத்தது. செயலாளருக்குக் கோபமே வரவில்லை.

"கோவப்படாதீகம்மா. நம்ம வீடு தீப்பிடிச்சா நாமதான தண்ணி ஊத்தணும்?" என்றார்.

முன்வரிசை நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! அந்த முன்வரிசை ஆட்கள் தங்கள் பணத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டவர்கள் என்று பின்னால் ஊர் பேசியது. பாவிகள், அன்றைக்கு என்னமாய்க் கை தட்டினார்கள்.

திட்டத்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். முன்வரிசையில் எல்லாக் கையும் ஒரேயடியாக எழுந்தது. பின்னால் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி. அப்பா தூக்கவில்லை. மடியில் வைத்திருந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கையால் உருப்பட்டது எது என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு என் பக்கம் குனிந்தார். மூச்சு இரைத்தது.

"நீ தூக்கு தாயி. ஒன் கை ராசியான கை. அக்கா படிச்சிருவா."

நான் தூக்கினேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று நாற்காலி மேல் ஏறி நின்று தூக்கினேன். ஒரு ஆள் பின்வரிசையிலிருந்து விரலை நீட்டிக் கைகளை எண்ணிக்கொண்டே வந்தார். என்னையும் எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தார். அப்படி ஒரு பெருமை எனக்கு.

கை தூக்கியவர்கள் மேடைக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். கூட்டம் முட்டும் முன் போய்விடலாம் என்று அப்பா எழுந்தார். மேடைப் படியில் அவருக்கு மூச்சு முட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் மட்டும் மேலே போனேன். மேஜையில் பெரிய நோட்டு விரித்திருந்தது. எதைக் கண்டாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயது. நீல மையில் மணி மணியான எழுத்து. 'கூட்டத்தில் நூற்றெழுபத்தாறு பேர் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் கை உயர்த்தினர். தீர்மானம் நிறைவேறியது.' மை நன்றாகக் காய்ந்திருந்தது. கீழே மண்டபத்தில் அந்த ஆள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். "தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தஞ்சு…" என்று சத்தம் கேட்டது.

எனக்கு ஒரே ஆச்சரியம். எண்ணி முடிப்பதற்குள் விடை எப்படித் தெரிந்தது? கொஞ்சம் யோசித்ததும் புரிந்துவிட்டது. எங்கள் கணக்குப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சடித்திருக்கும். பெரியவர்கள் கணக்கும் அப்படித்தான் போல. என் கையையும் சேர்த்துத்தான் நூற்றெழுபத்தாறு என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் காராச்சேவுதான் முக்கியமாக இருந்தது.

மனுக் கொடுத்தோம். ஒரு மாதம் போனது. அப்பா வாரம் ஒருமுறை ராஜபாளையம் போய் வந்தார். அடுத்த திங்கள், அடுத்த வெள்ளி என்றார்கள். மதுரையில் அக்காவின் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் நிதியின் கதவில் பூட்டுப் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். பிடித்த முப்பது காசும் போச்சு, பிடிக்காத எழுபது காசும் போச்சு. வீட்டுக்குள் சாவு விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் அழக் கூட யாரும் முன்வரவில்லை.

அக்கா அதே ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கோன் வைண்டிங்குக்கு, நூல் சுற்றும் வேலைக்கு, போனாள். அப்பா பிடித்துப் போன அதே காலை பஸ்ஸைப் பிடித்துப் போனாள். வெள்ளை ஷூ எனக்கு வந்தது. பெரியதாக இருந்ததால், அவள் சேலையில் ஒட்டி வந்த பஞ்சைச் சேர்த்து நுனியில் திணித்துப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அந்த ஷூவோடு அணிவகுத்துப் போனேன். சந்தோஷமாகவே போனேன், வெட்கம்கெட்டவள்.

பணத்தை நீட்டியதும் கூட்டத்தில் தூக்கியதும் என் கைதான் என்ற விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முக்குக் கடைக்காரர் என்னைப் போணிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். நான் காசோடு போய் நின்றாலும், "செத்த நேரம் நில்லு" என்று சொல்லிவிட்டு வேறு யாராவது வரும்வரை டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். பணம் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன்.

அடுத்த வருஷம் அப்பா படுத்த படுக்கையானார். அம்மா தீப்பெட்டிக் கட்டோடு வெளியே போனால் நான்தான் பக்கத்தில் இருப்பேன். தண்ணீர் கொண்டுபோனால் வாங்க மாட்டார். "அக்கா வரட்டும்" என்பார். அக்கா ஷிப்டு முடிந்து வர நாலு மணியாகும். உதடு காய்ந்து வெடித்திருக்கும், அப்படியும் காத்திருப்பார். அப்பாவும் முக்குக் கடைக்காரர் மாதிரி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் டம்ளரை நீட்டியபடி விடாப்பிடியாக நின்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒன் கைமேல தப்பில்ல தாயி. நல்லாருந்த கைய நான்தான் தூக்கச் சொல்லிக் கெடுத்துட்டேன். அதப் பாக்க முடியலத்தா" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்த மாதமே அவர் போய்விட்டார்.

அக்காவுக்கு இப்போது அப்பாவின் இருமல். அவள் இருமும்போதெல்லாம் அந்தக் காய்ந்த நீல மை என் கண்ணில் வருகிறது. 'நாம தூக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டாகப்பா, நான் பாத்தேன்' என்று, அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிய அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்தது என்னவென்றுதான் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் பணம் வந்திருக்காது. அக்கா மதுரைக்குப் போயிருக்க மாட்டாள். அப்பா என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்.