காப்புக் கட்டிய பின்கதவு

ஒரு மனிதர் தன் பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம், இடப்பக்கம் நீலக் கதவும் வலப்பக்கம் வெள்ளைக் கதவுமாக மாட்டிக்கொண்டு கோலசிலாங்கூர் முழுக்கக் கூச்சமில்லாமல் சுற்றலாம். அப்படியிருக்க, துருப்பிடித்த பின்கதவை மட்டும் ஏன் மாற்றக் கூடாது? சேதுவின் வாழ்க்கை ஊருக்கு முன்னால் வைத்த கேள்வி இது ஒன்றுதான். மற்றபடி அந்த வாழ்க்கையில் யாரும் நின்று கேள்வி கேட்கும்படி எதுவும் இல்லை.

முன்பு எஸ்டேட் தோட்டத்தில் லோரி ஓட்டினார். தோட்டம் கைமாறியதும் எல்லோரையும் போல டாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தார். இப்போது புக்கிட் பெலிம்பிங் பக்கம் சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றிப்போய் எண்ணெய் ஆலையில் கொட்டுகிறார். பிடிவாதக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. கட்சியை இரண்டு தடவை மாற்றியவர். சிகரெட்டை விட்டார், பிறகு சிகரெட்டை விட்டதையும் விட்டார். சைவமாக இருக்கப்போவதாகச் சபதம் எடுத்து, மைத்துனர் வீட்டு நண்டுக் குழம்பு வாசனையில் அதைக் கைவிட்டார். இப்படிப்பட்டவர் ஒரு தகட்டுக் கதவில் மட்டும் வந்து பாறையாக நின்றார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கஞ்சத்தனம் என்றார் மைத்துனர் மகேந்திரன். ராசி என்றார் பூசாரி சோமு. சோம்பேறித்தனம் என்றான் பட்டறைக்காரன் வீரன். மனைவி சந்திரிகா எதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவள். ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் பின்கதவின் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் தடவி, தட்டி, முகர்ந்துகூடப் பார்த்தாள். கிடைத்தவை துரு, ஓர் எறும்புப் புற்று, பாதி கிழிந்த ஸ்டிக்கர். ‘ரகசியம்னு ஒண்ணு இருந்திருந்தாலும் இந்நேரம் உதிர்ந்து ரோட்ல விழுந்திருக்கும்’ என்று முடிவுகட்டிக் கையைக் கழுவினாள்.

அந்தக் கதவு வெறும் செம்பனைக் குலையோடு நின்றிருந்தால் அவளும் விட்டிருப்பாள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அது மாரியம்மனையும் சுமந்தது.

தோட்டத்துக் கோயிலுக்குத் தேர் கிடையாது. திருவிழாவில் அம்மன் சேதுவின் பிக்கப்பில்தான் ஊர்வலம் போவாள். பின்கதவைக் கீழே சாய்த்து இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கவிட்டால் அது ஒரு பலகை மாதிரி நீளும். பூசாரி அதன்மேல் நின்றுகொண்டுதான் அர்ச்சனைத் தட்டுகளை வாங்கித் தீபம் காட்டுவார். அம்மனைச் சுமக்கும் வண்டியும் விரதம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். ஆகவே வண்டிக்கும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டால் அவிழ்க்கும்வரை அந்த வண்டியை விற்கக் கூடாது, சாவு வீட்டுக்கு ஓட்டக் கூடாது, அதிலிருந்து எதையும் கழற்றக் கூடாது. பழைய காப்பு இருக்கும்போது புதுக் காப்புக் கட்டவும் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு, சந்திரிகாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். ஊர்வலம் கிளம்பும்போது வண்டிக்காரர் வீட்டுத் தட்டுதான் முதல் தட்டு. அதை நீட்டுகிறவள் வண்டிக்காரர் மனைவி. மகேந்திரன் சந்திரிகாவின் சொந்த அண்ணன், கோயில் தலைவரும் அவர்தான். ஆனாலும் அவர் மனைவி பிரேமலா அத்தனை வருஷமும் இரண்டாவது தட்டோடு பின்னால் நிற்க வேண்டியிருந்தது. தலைவர் மனைவி, கழுத்து நிறைய நகை, கையில் இரண்டாவது தட்டு. சந்திரிகா பக்தி உள்ளவள்தான். ஆனால் தட்டை நீட்டும்போது அவள் கண் அம்மனைப் பார்த்த நேரத்தைவிடப் பக்கவாட்டில் அண்ணியைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

போன வருஷம் விபத்து நடந்தது. ஊர்வலம் கடைத்தெருவில் நின்றபோது, பின்கதவின்மேல் நின்ற சோமுவின் வலது கால் தகட்டைப் பொத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கிவிட்டது. கையில் எரிகிற தீபம். வாயிலிருந்து எந்த மந்திரத்திலும் இல்லாத ஒரு சொல் வந்தது. உடம்பு நடுங்குகிறது, கண் பிதுங்குகிறது, சத்தம் போடுகிறார். கூட்டம் என்ன நினைக்கும்? அருள் வந்துவிட்டது என்றே நினைத்தது. உறுமிக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். ஓர் அம்மாள் ஓடிவந்து கைகூப்பினாள்.

“ஆத்தா, எம் மகளுக்கு எப்போ கல்யாணம்?”

“மொதல்ல என் கால எடுங்கடா!” என்று அலறினார் சோமு.

அந்த அம்மாள் அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போய், பொருள் என்னவாக இருக்கும் என்று வாரக்கணக்கில் வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் மகேந்திரன் சுற்றி வளைக்கவில்லை. மகன் ராவாங்கில் வேலை பார்த்து வாங்கிக் கொடுத்த புது ஃபோர்வீல் பிக்கப் வண்டி கோயில் வாசலில் மினுமினுத்துக்கொண்டு நின்றது. “காப்புக் கட்டுறதுக்குள்ள பின்கதவ மாத்திடு மச்சான். இல்லாட்டி அம்மா என் வண்டில வருவா. அதுல மேடு பள்ளம் தெரியாதுலா.”

“அம்மாவுக்கு மேடு பள்ளம் பழக்கம்” என்றார் சேது. எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் சந்திரிகா சட்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். “என்னாங்க, கதவ மாத்தப் போறீங்களா இல்லையா?”

“ஓட்டைக்குப் பட்டி அடிச்சா போதும்.”

“பட்டியா? கதவுல பாதி ஏற்கெனவே பட்டிதான். மீதிப் பாதி பெயிண்ட். இரும்பு எங்க இருக்குன்னு காட்டுங்க, கும்பிட்டுக்கிறேன்.”

“பாப்போம்.”

அவர் ‘பாப்போம்’ என்றால் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை என்று பொருள். ஆகவே அவளே பார்த்தாள். காலைப் பாசார் சந்தையில் தோசைக் கடையை மூடிவிட்டு, வீரனின் வேனில் ஏறிச் சபாக் பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போனாள். செகிஞ்சான் வயல்களைத் தாண்டும்வரை வீரன், “அக்கா, அண்ணன் என்னை வெட்டிருவாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“அவரு ஒரு கதவுக்கு நாலு போல்ட் கழட்ட மாட்டேங்கிறாரு. உன்ன எங்க வெட்டப் போறாரு? சும்மா ஓட்டு.”

கடை முதலாளி தவுக்கே காட்டிய குவியலில் அதே மாடலின் பின்கதவு ஒன்று கிடந்தது. நல்ல சிவப்பு. தட்டினால் டங்கென்றது. சேதுவின் கதவைத் தட்டினால் ஈர அட்டையைத் தட்டிய சத்தம்தான் வரும். வீரன் கீல்களை ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தான். திட்டம் எளிமையானது. காப்புக் கட்டுவது சாயங்காலம். அன்று காலை அவள் கடையை முடித்து வந்ததும் வீரன் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவான். மாட்டியபிறகு சேது என்ன செய்துவிட முடியும்? காப்புக் கட்டியபின் கழற்றத்தான் முடியாதே.

திட்டத்தில் குறை ஒன்றுமில்லை. அதை அவளுக்கு முன்பே வேறொருவர் யோசித்துவிட்டார் என்பதைத் தவிர.

காப்புக் கட்டும் நாளன்று கடையை முடித்துவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். பிக்கப்பின் பழைய பின்கதவு முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கைப்பிடியில் தடிமனான மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. ஒன்றல்ல, முடிச்சுமேல் முடிச்சு. பக்கத்தில் சோமு திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேது மஞ்சள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சாதுவாக நின்றார்.

“பூசாரி அண்ணே, சாயங்காலம் கட்ட வேண்டியத இப்ப ஏன் கட்டுனீங்க? எப்பவும் ஸ்டேரிங்லதானே கட்டுவீங்க?”

“போன வருஷம் பட்ட பாடு அப்படிம்மா. சேது அண்ணன்தான் சொன்னாரு, ‘நீங்க நிக்கிற எடத்துலயே கட்டுங்க சாமி, காலுக்குப் பாதுகாப்பு’ன்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு.”

சந்திரிகா புருஷனைப் பார்த்தாள். அவர் மஞ்சள் கிண்ணத்தைப் பார்த்தார்.

மத்தியானம் கோயில் வளாகத்தில் வழக்கு நடந்தது. பிக்கப் ஒரு பக்கம், புது வண்டி ஒரு பக்கம். நடுவில் சிவப்புக் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீரன்.

“காப்புக் கட்டுன கதவக் கழட்ட முடியாது” என்றார் மகேந்திரன். “கழட்டாம மாத்த முடியாது. ஓட்டைமேல பூசாரிய ஏத்தவும் முடியாது. ஆகக்கூடி, என் வண்டி.”

“அது எப்படி அண்ணே?” என்றாள் சந்திரிகா. “மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டிட்டு, தாலி கட்ட அவன் தம்பிய அனுப்புவீங்களா? காப்பு இந்த வண்டிக்குத்தானே கட்டியாச்சு?”

“காப்பு கதவுலதான இருக்கு, வண்டில இல்லையே” என்றாள் பிரேமலா. அவளும் இரண்டாவது தட்டைப் பல வருஷம் பிடித்துப் பிடித்து வாதம் பழகியவள்தான்.

“உங்க கைல காப்புக் கட்டுனா, கைதான் விரதம் இருக்கும், வாய் கோழி திங்கலாமா அண்ணி?”

எல்லோரும் சோமுவைப் பார்த்தார்கள். “சாஸ்திரம் இதுக்கு என்ன சொல்லுதுன்னா…” என்று ஆரம்பித்தார்.

“என்ன சொல்லுது?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

விதி செய்கிறவர்கள் எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று மட்டும் யோசிக்கிறார்கள். எதையாவது சேர்த்துவிடுவார்களே என்ற கவலை அவர்களுக்கு வருவதில்லை. சந்திரிகா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டத்தானே கூடாது? மேல ஒண்ணு மாட்டலாம்ல?”

சோமுவின் முகம்தான் முதலில் தெளிந்தது. அவருக்கு இரண்டு கால்கள் இருந்தன. “மாட்டலாம்” என்றார் அவசரமாக. “தாராளமா மாட்டலாம்.”

“ரெண்டையும் சேர்த்து வெல்டிங் வச்சிர்றா வீரா” என்றார் மகேந்திரன் எரிச்சலோடு.

“துருவுல வெல்டிங் நிக்காது தலைவரே. பொறி பட்டாலே பொத்துக்கும்” என்றான் வீரன். பழையது தன் சங்கிலியில் தொங்க, அதைத் தொடாமல் மேலே சிவப்புக் கதவைப் படுக்கப்போட்டு, இரும்புச் சட்டம் கொடுத்துச் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கினான். வேலை முடிந்தபோது வண்டிக்கு மேலுதடும் கீழுதடும் முளைத்தது போலிருந்தது. யாரையோ பழிப்பது போலவும் இருந்தது. சேது ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

ஊர்வலம் கிளம்பியது. சோமு சிவப்புக் கதவின்மேல் முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு யோசித்து இன்னொன்றை வைத்தார். அது அசையவில்லை. சந்திரிகா முதல் தட்டை நீட்டினாள். இந்தத் தடவை அவள் பக்கவாட்டில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புது ஃபோர்வீல் வண்டி ஜெனரேட்டரையும் சிரப் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் பார்த்தாள். அவள் செய்ததைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம். அதற்குமேல் சொன்னால் மிகையாகிவிடும்.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அது முடிந்ததும் விரதம் இருந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று காப்பை அவிழ்த்துக்கொண்டார்கள். வாளிகளில் கோழிக் கறி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது. வீரன் ஸ்பேனர்களோடு தயாராக வந்தான். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிவப்பை முறையாகக் கீலில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. அடுத்த வருஷத்துக்கும் கவலையில்லை, அதற்கடுத்த வருஷத்துக்கும் கவலையில்லை என்று சந்திரிகா மனத்துக்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சிவப்பக் கழட்டு வீரா” என்றார் சேது.

வீரன் சந்திரிகாவைப் பார்த்தான். பழையதைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதை முதலில் எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்து அவள் தலையசைத்தாள். வீரன் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். மழையில் மஞ்சள் கரைந்துபோய், ஓட்டையும் ஒட்டுமாகப் பழைய கதவு மறுபடி வெளியே தெரிந்தது. கைப்பிடியில் கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

சோமு கத்தரிக்கோலோடு வந்து குனிந்தார். சேது கயிற்றின்மேல் தன் கையை வைத்தார்.

“இருக்கட்டும் சாமி.”

“என்னது இருக்கட்டும்? காப்பு அவுக்கணும்லா.”

“இருக்கட்டும்.”

“அவுக்கலேன்னா உங்க வண்டிக்கு விரதம் முடியாது அண்ணே. சாவு வீட்டுக்கு எடுக்க முடியாது, விக்க முடியாது, எதையும் கழட்ட முடியாது…” சோமு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “அடுத்த வருஷம் புதுக் காப்புக் கட்டவும் முடியாதே.”

“தெரியும்.”

மகேந்திரன் தூரத்திலிருந்து வேகமாக வந்தார். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். “மச்சான், அப்போ அம்மா?”

“உங்க வண்டில வரட்டும். மேடு பள்ளம் தெரியாதுன்னீங்கள்ல.”

பிரேமலா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முதல் தட்டு அந்த நொடியே அவள் கைக்குப் போய்விட்டதைச் சந்திரிகா பார்த்தாள்.

“என்னாங்க” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எதுக்கு?”

சேது சங்கிலிகளை அவிழ்த்துப் பின்கதவை மேலே தூக்கினார். பூட்டு எப்போதும் போலப் பிடிக்கவில்லை. இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினார். கொஞ்சம் துரு உதிர்ந்தது. புக்கிட் பெலிம்பிங்கில் குலை வெட்டிப் போட்டிருப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நீலக் கதவைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளைக் கதவைத் திறந்து ஏறினார்.