இலையில் விழுந்த சொட்டு

போன வாரம் அடைமழையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் குடை! வாசலில் இல்லை ஐயா, ஹாலில்! என் நாற்காலியைச் சுற்றி அண்டா, குண்டான், வாளி, குழந்தையின் பால் சொம்பு என்று வீட்டுப் பாத்திரமெல்லாம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“போன சித்திரையிலதான் புதுசாத் தளம் போட்டேன்” என்றார், அழாத குறையாக. “நல்ல கொத்தனாரை எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?”

நியாயமான கேள்வி. பெண்ணுக்கு வரன் வந்தால் ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறோம். கத்தரிக்காயைக்கூடக் காம்பைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். தலைக்கு மேலே தளம் போடுகிறவரை மட்டும் யாரோ கைகாட்டினார்கள் என்று கூப்பிட்டுவிடுகிறோமே... ஏன்?

ரொம்பத் தெரிந்தவன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. புதுக்கோட்டையில் நான் குடியிருப்பது பழைய மெத்தை வீடு. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், அதற்கும் மேலே சுண்ணாம்புத் தளம். தளம் வெடித்துப்போய், ஐப்பசி கார்த்திகையில் வெளியே விட்ட பிறகும் உள்ளே மழை விடாது. நான் மட்டும் என்றால் கட்டிலை நகர்த்தி நகர்த்திக் காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அந்த ஆடியில் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். மனைவி ஆவுடையார்கோவிலில், தாய்வீட்டில். ஐப்பசியில் நாள் குறித்து, தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைப்பதாக ஏற்பாடு.

என் மாமனார் ரிட்டயரான போஸ்ட் மாஸ்டர். தபாலில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கும் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மனிதர். கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

“மாப்பிள்ளை, ஒழுகுற வீட்டுக்குப் பச்சப்புள்ளைய அனுப்ப மாட்டேன். தளத்தப் போடுங்க. நானே வந்து பாக்குறேன். சரியா இருந்தா குறிச்ச நாள்ல வருவாக. இல்லையா... தை பொறக்கட்டும்.”

தை! அதற்குள் குழந்தை குப்புற விழுந்து, தவழவே ஆரம்பித்துவிடுமே! நான் அவளை அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன்.

முதலில் வந்த காண்ட்ராக்டருக்குக் கையில் வாட்ச், சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் போட்டோ ஆல்பம். படத்துக்குப் படம் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். “சமஸ்தானத்து வேலை பாத்த குடும்பம் சார் நாங்க” என்றார். மாடிக்கு ஏறக்கூட இல்லை. ஹாலில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார். “பத்தே நாள். ஒரு சொட்டு ஒழுகாது, நான் கேரண்டி!”

எனக்கு வாயெல்லாம் பல். அப்போதே வீட்டுச் சாவியைக் கொடுத்திருப்பேன். கொடுக்காததற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. சாயங்காலம் இன்னொருவரை வரச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

அவர்தான் சின்னையா. வல்லத்திராக்கோட்டைக் கொத்தனார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். வந்ததும் நேரே மாடிக்குப் போய், தளம் முழுக்கக் கம்பால் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவந்தார்.

“பாதித் தளம் உள்ளுக்குள்ள செத்துப்போச்சுங்க. கொத்தி எடுத்துட்டுத்தான் போடணும். ஒரு மாசம் ஆகும்.”

“காலையில வந்தவர் பத்து நாள்னு சொன்னாரே?”

“போடலாங்க. தட்டாமப் போட்டா அஞ்சு நாள்லயே போடலாம்.”

எனக்குத்தான் மூக்குமேல் கோபம் வருமே! “உங்க வேலை மட்டும் நல்லா இருக்கும்னு எப்படி நம்புறது?” என்று கேட்டேன்.

“என்கிட்டக் கேட்டா நல்லாத்தான சொல்லுவேன்? கீழ மூணாம் வீதியில ஒரு வாத்தியாரம்மா வீடு இருக்கு. அங்க நான் போட்ட தளம் ஒழுகுச்சு. அவுகளப் போயிக் கேளுங்க.”

தன் வேலை கெட்டுப்போன வீட்டுக்கு விலாசம் கொடுக்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதிசயமாக இருந்தது. போய்க் கேட்டேன்.

“ஆமா சார், ஒழுகுச்சு” என்றார் வாத்தியாரம்மா. “நாங்க சொல்லியே அனுப்பல. மொத மழை பேஞ்ச மறுநாள் காலையில அவரா வந்து நின்னாரு, ‘எங்கயாச்சும் சொட்டுதாம்மா’ன்னு. சொட்டுன எடத்தக் கொத்திச் சரிபண்ணிக் குடுத்தாரு. இப்பவும் வருசா வருசம் வாராரு. வேணாம்னாலும் கேக்க மாட்டாரு.”

அன்றைக்கே சின்னையாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடடா, அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். அடிக்கிற கட்டை எகிற வேண்டும், அப்போதுதான் தளம் இறுகியது என்று அர்த்தமாம். ஒரு நாள் சின்னையா தெருவில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு மாடிக்குச் சத்தம் கொடுத்தார்: “அங்கிட்டு ரெண்டாவது வரிசையில தட்டு பத்தல தாயி!” மாடியைப் பார்க்காமலே, கட்டை விழுகிற சத்தத்தை வைத்தே! நான் அசந்துபோய்விட்டேன்.

வேலை முடிந்ததும் தளத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீரை நிறுத்தினார். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு போடச் சொன்னார்.

“எங்க வழக்கமுங்க. மேல தண்ணி நிக்கும், நாம கீழ உக்காந்து சாப்பிடணும். யாரு இலையில சொட்டு விழுந்தாலும் வேலை முடியலன்னு அர்த்தம்.”

காலை பஸ்ஸில் மாமனார் வந்து இறங்கினார். குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பதே நாள். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. ஹாலில் எதிரும் புதிருமாக இலை போட்டோம். சின்னையா இடம் தேடிப் பார்த்து, ஓர் ஓரமாக உட்கார்ந்தார். மாமனார் அவருக்கு நேர் எதிரே. சாம்பார் முடிந்தது. இலைகளில் ஒன்றும் விழவில்லை. மனசுக்குள் நான் ஆவுடையார்கோவிலுக்கு வண்டியே பேசிவிட்டேன்.

ரசம் வந்தது. சின்னையாவின் இலையில் ‘சொட்’டென்று ஒரு துளி விழுந்தது.

ரசச் சோற்றில் விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீர்! யாருக்குத் தெரியும்? மாமனார் குனிந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சின்னையா என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். பேசாமல் சாப்பிடுங்கள் என்று தலையை ஆட்டி ஜாடை காட்டினேன்.

அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஐயா, மன்னிக்கணும். என் இலையில சொட்டு விழுந்திருச்சுங்க.”

மாமனார் நிமிர்ந்தார். “சரிபண்ண எத்தனை நாளாகும்?”

“தண்ணி வடியுற தூம்பு வாய்கிட்டக் கோட்டை விட்டிருக்கேன். நான் கை வச்ச எடந்தான், வேற யாரையும் சொல்லக் கூடாது. கொத்தி, தட்டி, திரும்பத் தண்ணி கட்டிப் பாக்கப் பதினஞ்சு நாளாச்சும் வேணும்.”

“அப்படியே செய்ங்க” என்று மாமனார் மோருக்குக் குழி பறித்துக்கொண்டார். “மாப்பிள்ளை, தையில பாப்போம்.”

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து சின்னையாவைப் பிடித்துக் கத்தினேன். “ஒரு சொட்டுய்யா! வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறைஞ்சு போகும் ஒங்களுக்கு?”

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, உத்திரத்தில் தொங்கிய இரும்பு வளையத்தைக் காட்டினார்.

“அதுலதான தொட்டில் கட்டுவீங்க? அதுக்காகத்தான் இந்த எடமாப் பாத்து உக்காந்தேன்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது.

மழைக்கு நடுவே கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டு வேலையை முடித்தார். மறுபடியும் தண்ணீர் கட்டி, மறுபடியும் இலை போட்டோம். ஒரு சொட்டு இல்லை. இந்த மூன்று வருஷத்தில் எத்தனை அடைமழை பார்த்துவிட்டோம், இன்றுவரை இல்லை. இந்த வருஷமும் முதல் மழைக்கு மறுநாள் வந்து வாசலில் நின்றார். என் பெண்தான் ஓடிப்போய், “சொட்டலியே!” என்று கையை விரித்தாள்.

தையில் மனைவி குழந்தையோடு வந்து இறங்கியதும் நடந்ததையெல்லாம் சொன்னேன், நான் ஜாடை காட்டியதை மட்டும் விட்டுவிட்டு. அவள் சிரித்தாள்.

“அப்பா சொட்டு விழுந்ததையும் பாத்தாகளாம், நீங்க ஜாடை காட்டுனதையும் பாத்தாகளாம். அந்தக் கொத்தனார் மட்டும் சொல்லாம இருந்திருந்தா, தையிலயும் அனுப்பியிருக்க மாட்டாகளாம்!”

குடையோடு காபி கொடுத்த நண்பருக்குச் சின்னையாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும்போது ஒன்றே ஒன்று சொன்னேன் — கண்ணை மூடிக்கொண்டு அவரை நம்பலாம். ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு மாமனாரை மட்டும் கூப்பிடாதீர்கள்!