கொய்யா, வாளி, குடை

போன ஞாயிறு மரக்காணத்தில் ஒரு பரீட்சைக்கு சூப்பர்வைசராகப் போனேன். வந்தவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள். அத்தனை பேரும் காப்பியடித்தார்கள்!

என் காலேஜ் தோழி வாசுகி, மூளை விஞ்ஞானி. மூளை செல்கள் ஏன் சாகின்றன, மறதி நோய் ஏன் வருகிறது என்று இருபது வருஷமாக வெளிநாட்டு லேபில் எலிகளோடு குடித்தனம் நடத்தியவள். இப்போதுதான் மனுஷர்கள் ஞாபகம் வந்து, உப்பளக் கரைக்கு வந்திருக்கிறாள். சர்ச் ஹாலில் ஞாபக சக்தி சோதனை முகாம். பெயர் எழுதும் உத்தியோகம் எனக்கு. கலர் டி.வி.க்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று நினைத்து வந்தவர்களே பாதிப் பேர்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். பெயர், ஊர், கிழமை கேட்பாள். மூன்று சொற்கள் சொல்வாள். ஐந்து நிமிஷம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் பத்துப் பேரும் நூற்றுக்கு நூறு!

"உப்புக் காத்துல என்னமோ இருக்குடி..." என்றாள் வாசுகி. கண்ணில் நோபல் பரிசு தெரிந்தது.

எனக்குச் சந்தேகம். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் வெளியே வந்த ஆள் கொஸ்டின் பேப்பரை லீக் செய்திருந்தார். "கொய்யா, வாளி, குடை" என்று க்யூ முழுக்க ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்தவர் ஆரோக்கியசாமி, உப்பளத்து வாட்ச்மேன். மனைவி ஜெயமேரி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து உட்காரவைத்தார்.

"ஐயா, உங்க பேர் என்னங்க?"

"கொய்யா, வாளி, குடை" என்றார், பளிச்சென்று.

சிரித்துவிட்டேன். ஹாலில் சிரித்தது நான் ஒருத்திதான். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜெயமேரி சட்டென்று வாசுகியின் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஃபெயில்னு எழுதிடாதீங்க. மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாரு. டூட்டிக்கு நானும் கூடவேதான் போறேன். இதுவரைக்கும் ஒரு மூட்டை கொறைஞ்சதில்ல."

"இது பரீட்சை இல்லம்மா. வியாதி இருக்குதான்னு பாக்கத்தான்."

"இருக்குது. அது எனக்கே தெரியும். மருந்து இருக்குதா?"

இருபது வருஷம்... எத்தனை எலி, எத்தனை கான்ஃபரன்ஸ்! வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொணமாக்குற மருந்து... இன்னும் வரலீங்க."

"அப்ப மார்க்கு மட்டும் எதுக்குங்க?"

வாசுகி பேனாவை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தாளில் இருந்த பெயரை அடித்துவிட்டு, வெறும் நம்பர் போட்டாள். பிறகு நாற்காலியை ஜெயமேரி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நீங்க சாப்டீங்களா, தூங்குறீங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கேள்வி ஃபாரத்தில் கிடையாது.

நானும் இங்கே எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். மேஸ்திரி அவர்களே, ஒருவேளை நீங்கள் இதைப் படித்தால்... அது உங்கள் வாட்ச்மேன் இல்லை!